பதினான்காவது வார்டு, இஸ்திரிப் பெட்டி

செப்டம்பர் 27

இல்லை, நானாகக் கேட்கவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை. அப்பா ஒரு தாளை நீட்டினார். "சும்மா ஒரு கையெழுத்துப் போடு கண்ணு. மாத்து வேட்பாளருன்னு ஒண்ணு வெக்கோணும்." போட்டேன். கூரியர்காரரிடம் போடுவதைப் போல.

எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. இரண்டு முறை கவுன்சிலராக இருந்த அப்பா, சென்னியப்பன், ஒரே அரசாணையில் தகுதியில்லாத ஆணாகிவிட்டார். எனவே அண்ணி சுகந்தி நிற்பதாக ஏற்பாடு. அண்ணியின் மனு தள்ளுபடியானால் பதிலுக்கு நான். காருக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ஸ்டெப்னி.

இன்று மனு பரிசீலனை. அண்ணியின் பெயர் வாக்காளர் பட்டியலில் இன்னும் தாராபுரத்திலேயே இருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருடம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவள் பிறந்த வீட்டுக்குப் போவாள். அம்மாவைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்திருந்தோம். ஓட்டுப் போடப் போயிருக்கிறாள். எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் எதையும் கேட்பதில்லை என்பது இன்று அரசு ஆவணத்தில் பதிவாகிவிட்டது.

தள்ளுபடி. அதிகாரி அடுத்த தாளை எடுத்துப் படித்தார். தமயந்தி, வயது 25, எம்.ஃபில்., சுயேச்சை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி முகம் கழுவிக்கொண்டு பச்சைப்பயறு ஊறப் போட்டாள். அத்தனை நிம்மதியான முகத்தை இந்த வீட்டில் நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 30

சின்னம் ஒதுக்கினார்கள். இஸ்திரிப் பெட்டி.

"பரவால்ல, எல்லாத்து ஊட்டுலயும் இருக்குது" என்றார் அப்பா. அண்ணியின் பழைய பெட்டியை, வயரைச் சுற்றி, நான் கையில் பிடித்துக்கொண்டே தெருத்தெருவாக நடக்க வேண்டுமாம். இன்னொரு கையில் குறை கேட்கும் நோட்டு.

"அவிய கண்ணு முன்னாலயே எழுதோணும். எழுதறதப் பாத்தாவே பாதிக் குறை தீந்துரும்."

"மீதிப் பாதி?"

"அது அடுத்த எலக்சனுக்கு வேணுமல்ல?"

அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

என் ஆய்வேட்டின் தலைப்பு 'சிறுநகரங்களில் பொதுவெளி'. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு மனிதரையும் நேரில் பார்க்காமல், இந்த அறையில் உட்கார்ந்தே எழுதினேன். வீட்டின் முன்பக்கம், தெருவை ஒட்டி, தனியாக இருக்கும் அறை. மழை பெய்தால் தரைக்கு அடியில் தண்ணீர் கொப்பளித்து ஓடும் சத்தம் கேட்கும். எனக்குப் பிடித்த சத்தம். ஆய்வேட்டின் நன்றியுரையில் அதற்கும் ஒரு வரி உண்டு.

அக்டோபர் 2

முதல் நாள். இரண்டாவது தெரு.

முதல் வீடு: வாசலில் வேகத்தடை வேண்டும். இரண்டாவது வீடு: அந்த வேகத்தடை வரவே கூடாது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். இரண்டையும் எழுதினேன். இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்தது.

மூன்றாவது வீட்டில் தெருநாய்களை ஒழிக்க வேண்டும் என்று ஒருவர் பத்து நிமிடம் பேசினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி கையில் பழைய சோற்றுடன் நின்று, அவர் பேசி முடிக்கக் காத்திருந்தார். நாய்களும் காத்திருந்தன.

நான்காவது வீட்டில் பக்கத்து வீட்டு முருங்கை மரம். கம்பளிப்பூச்சி மதில் தாண்டி வருகிறது. "இதுக்கு சட்டத்துல இடமில்லீங்களா?" "பாக்கறேங்க." "முருங்கைக்காயும் எங்க பக்கம்தான் உளுகுது. அத நாங்க கொறையாச் சொல்லல. அத எழுதாதீங்க."

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இன்டர்காம். அழுத்தினேன். "யாரு?" "ஓட்டு கேட்டு வந்திருக்கிறேங்க." "நாங்க ஏற்கெனவே வாங்கிட்டோம்." பேச்சு அறுந்தது. என்ன வாங்கினார்கள் என்று இன்னும் தெரியவில்லை.

அக்டோபர் 3

முப்பத்தெட்டுக் கதவு. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டவை இருபத்தேழு. செருப்பு அறுந்தது.

அக்டோபர் 5

நாலாவது சந்து. பதினைந்து வீடுகள். எங்கள் வீட்டு மூலையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம். இருபத்தைந்து வருடத்தில் இன்றுதான் உள்ளே போனேன்.

எல்லா வீட்டுச் சுவரிலும் முழங்கால் உயரத்தில் ஒரே கோடு. முதலில் ஏதோ வர்ணம் என்று நினைத்தேன். மழைத் தண்ணீர் நின்ற அடையாளம். சந்தின் சாக்கடை எங்கள் மூலைக்கு வந்து பெரிய வாய்க்காலில் சேர வேண்டும். சேர்வதில்லை. இரண்டு மணி நேரம் மழை பெய்தால் திரும்பி வீட்டுக்குள் வருகிறது.

ஏழாவது வீட்டில் ரமீஜாக்கா. நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். தையல் மிஷினின் நான்கு கால்களுக்கும் அடியில் மூன்று மூன்று செங்கல். அந்த உயரத்துக்கு உட்கார ஒரு முக்காலி, முக்காலியில் ஏற ஒரு பெயிண்ட் டப்பா. தரையில் எதுவும் இல்லை. அரிசி மூட்டை கூடக் கட்டிலில் படுத்திருந்தது.

"என்ற மகள் ஷமீமாவுக்குத் தலைப்பிரசவமுங்க. அடுத்த மாசம் அஞ்சாந் தேதி கூட்டிட்டு வரோணும். தாய் ஊட்டுக்குத்தானே வரும்? சாக்கடைத் தண்ணிக்குள்ள பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? சம்பந்தி ஊட்டுல கேக்கறாங்க, 'அங்க அனுப்பறதா வேண்டாமா'ன்னு."

எழுதினேன். "அடைப்பு எங்கீங்க இருக்குது?"

"கீழ்க்கட்டைங்க."

"கீழ்க்கட்டைன்னா எங்கே?"

என் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு, "மோர் குடிக்கறீங்களா அம்மணி?" என்றார்.

அடுத்த வீட்டிலும் கேட்டேன். அங்கும் மோர். நாலாவது சந்தில் அடைப்பு எங்கே என்று கேட்டால் மோர் வருகிறது. ஐந்து டம்ளர் குடித்தேன். மரியாதையான மக்கள்.

அக்டோபர் 7

சந்து முனையில் குப்புராஜ், தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவர். என் கைப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கரண்டுப் பொட்டிங்களா?"

"ஆமாங்க. நம்ம சின்னம்."

"என்ற பொழப்பக் கெடுத்ததே இதுதானுங்க அம்மணி. இதக் கொண்டாந்து என்கிட்டயே ஓட்டுக் கேக்கறீங்களே, நாயமா?"

"கரிப் பெட்டின்னு நினைச்சுக்கிட்டுப் போடுங்க."

சிரித்தார். நான் நோட்டைத் திறந்தேன். வழக்கமான கேள்வி: நாலாம் சந்துத் தண்ணீர் எங்கே அடைக்கிறது?

"நீங்க எங்கீங்க குடியிருக்கறீங்க?"

"தெரியாதா? அந்த மூலை வீடு."

"தெரியுமுங்க. உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

சாயங்காலம் சிறு தூறல். அறையில் அந்தச் சத்தம். கவனித்துக் கேட்டால் அது ஓடும் சத்தமாக இல்லை. விக்கல் மாதிரி இருக்கிறது. ஜன்னலைச் சாத்தினேன். சத்தம் ஜன்னல் வழியாக வருவதில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அக்டோபர் 9

பரணில் அப்பாவின் பழைய குறை கேட்கும் நோட்டுகள். பேச்சுக்குக் குறிப்பு எடுக்கலாம் என்று இறக்கினேன்.

முதல் நோட்டு, பத்து வருடம் முன்பு. நாலாம் சந்து: தெருவிளக்கு இரண்டு, குப்பைத் தொட்டி ஒன்று. தண்ணீர் பற்றி ஒரு சொல் இல்லை.

இரண்டாவது நோட்டு, ஐந்து வருடம் முன்பு. நாலாம் சந்து: மழைத்தண்ணீர் போவதில்லை. கீழே பதினோரு பெயர். ஏழாவது பெயர் ரமீஜா. பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில், அடிக்கோடிட்டு: சரி செய்யப்பட்டது.

இரண்டு நோட்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யோசித்தேன். நான் கல்லூரியில் சேர்ந்தேன். வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். "சரி பண்ணுனதா எழுதியிருக்குதே?"

"பெரிய வாய்க்கால்ல தூர் வாரச் சொன்னேன் கண்ணு. வாருனாங்க."

"அப்புறமும் தண்ணி நிக்குதே."

"அவிய பள்ளத்துல ஊடு கட்டிக்கிட்டாங்க. நம்ம என்ன பண்ண?" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு அப்பளம் பொரிக்கப் போய்விட்டாள்.

அக்டோபர் 10

நோட்டுகளைப் பரணில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். தூசு எனக்கு ஒத்துக்கொள்ளாது.

அக்டோபர் 12

காலை ஆறு முதல் எட்டரை வரை மழை. ஒன்பது மணிக்கு நாலாம் சந்துக்குப் போனேன். முழங்கால் வரை தண்ணீர். தண்ணீர் என்று எழுதுவது நாகரிகம். கையில் இஸ்திரிப் பெட்டி. அதை வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்று தோன்றவே இல்லை. அந்தச் சந்தில் நான் பார்ப்பதற்கு எப்படி இருந்திருப்பேன் என்று எழுத மாட்டேன்.

ரமீஜாக்கா கட்டிலின் மேல் நின்றிருந்தார். தைத்த நைட்டிகளை எல்லாம் கொடியில் போட்டுவிட்டு, தைக்காத துணியைத் தலையில் வைத்திருந்தார். இன்று மோர் இல்லை.

"ஏறி வாங்க அம்மணி, கட்டில்ல எடமிருக்குது."

ஏறினேன். வேட்பாளரும் வாக்காளரும் ஒரு கட்டிலில்.

"அடைப்பு எங்கேன்னு கேட்டீங்கல்ல. கீழ்க்கட்டைன்னது உங்க ரூமுக்கு அடியிலதானுங்க. ரெண்டடி வாய்க்காலா இருந்துச்சு. அந்த ரூமு கட்டுறப்ப அதுல ஆறங்குலக் குழாயப் போட்டு மேல கான்கிரீட்டு ஊத்திட்டாங்க. ஒரு பிளாஸ்டிக் பை போனாப் போதும், அம்புட்டும் இங்க திரும்பிரும்."

"அப்பாகிட்டச் சொல்லலையா?"

"சொன்னோமுங்க. எழுதிக்கிட்டாரு."

"மரகதம் அம்மாகிட்ட?" எதிர்த்து நிற்கிறவர். ஓட்டுக் கேட்டு வரும்போதெல்லாம் அவர் கணவர்தான் பேசுவார்.

"குழாய் போட்ட காண்ட்ராக்டரே அவங்க ஊட்டுக்காரருதானுங்க." சிரித்தார். அந்த இடத்தில் நின்று சிரிக்க முடிந்தது அவருக்கு. "நாங்க சந்துல பேசி வெச்சிருக்கறோம். உங்களுக்குத்தான் போடறோம்."

"எதுக்கு?"

"நீங்க தோத்தா அது உங்கப்பா ஊடு. யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. நீங்க ஜெயிச்சாக் கவுன்சிலரு. உங்க ஊட்டப் பத்தி உங்ககிட்டயே வந்து கேக்கலாம். உங்க மேல பாசமெல்லாம் இல்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"இதை எழுதிக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாமுங்க" என்றார். "எழுதிராதீங்க."

அக்டோபர் 13

என் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஜன்னல் இரண்டு. ஆய்வேடு, பக்கம் 88: 'பொதுவெளி கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிரமிக்கப்படுகிறது.' ஓரத்தில் பேராசிரியர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: உதாரணம்?

அக்டோபர் 17

வாக்குப்பதிவு. அண்ணி காலை ஏழு மணி பஸ்ஸில் தாராபுரம் போய்விட்டாள். "அங்க ஒருத்திக்குத் தென்னமரம் சின்னம். பாக்க லட்சணமா இருக்குது" என்றாள் போகும்போது. ஆறு வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் அரசியல் கருத்து.

நான் இஸ்திரிப் பெட்டிக்கு எதிரே இருந்த பொத்தானை அழுத்தினேன். அதற்கு முன் சற்று நேரம் நின்றேன். அதிகாரி, "ஏதாச்சும் சந்தேகமுங்களா?" என்று கேட்டார்.

அக்டோபர் 21

பத்தொன்பது ஓட்டில் ஜெயித்துவிட்டேன்.

பட்டாசு. மாலை. குப்புராஜ் என் இஸ்திரிப் பெட்டிக்கும் ஒரு மாலை போட்டார். அப்பா பூத் கணக்கை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நாலாம் சந்து ஓட்டுப் போட்ட பூத்தில்தான் மொத்த வெற்றியும்.

"போன தடவ எனக்கே அவிய போடல. நீ எப்பிடிக் கண்ணு புடிச்ச?"

"மோர் குடிச்சேன்."

"அதான்! ஊட்டுக்குள்ள போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிறோணும். நான் சொல்லிக்கிட்டே இருக்கறனல்ல?" வந்திருந்த எல்லோரிடமும் இதைச் சொன்னார். நான் அவருடைய கண்டுபிடிப்பாகிவிட்டேன்.

அக்டோபர் 25

பதவியேற்பு. உறுதிமொழி. 'அச்சமோ ஒருதலைச் சார்போ இன்றி' என்ற இடத்தில் என் குரல் உடைந்ததாக அப்பா பிறகு சொன்னார். பெருமையாகத்தான்.

அவர் நகராட்சி ஆணையரோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது மாடிக்குப் போய் ஆக்கிரமிப்புப் பிரிவில் மனுக் கொடுத்தேன். எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"மனுதாரர்?"

"பதினான்காவது வார்டு உறுப்பினர். நான்தான்."

"ஆக்கிரமிப்பாளர்?"

"சென்னியப்பன். அப்பா."

எழுதுவதை நிறுத்தினார். விலாசத்தைப் பார்த்தார். "நோட்டீசு ரெண்டு பேருக்கும் அனுப்போணுமுங்க. ஒரே ஊடுன்னா, ஒரே கவர்ல போட்டுறலாங்களா?"

எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். விளக்கம் கேட்டு ஒரு மாதம், அளந்து பார்க்க ஒரு மாதம், அப்புறம் மேல்முறையீடு. "சொந்தக்காரரே உடைச்சுக்கிட்டா ஒரு நாளுங்க."

ஷமீமா வர இன்னும் பதினொரு நாள்.

அக்டோபர் 26

அப்பாவுக்கு யாரோ போனில் சொல்லிவிட்டார்கள். சாப்பிட வரவில்லை. என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அப்பன் மேலயே மனுவா?"

"அங்க பதினஞ்சு வீட்டுல சாக்கடை நிக்குதுப்பா. குழந்தை பொறக்கப் போற வீடு ஒண்ணு."

"எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "உனக்கு ஞாபகம் இருக்குதா? 'முன்னால சாக்கடை நாறுதுப்பா, படிக்க முடியல, மூடச் சொல்லு'ன்னு அழுதது ஆரு? 'சத்தமில்லாம ஒரு ரூமு வேணும்'னது ஆரு? நீதானே கண்ணு கேட்ட. எனக்கென்னத்துக்கு ரூமு?"

கேட்டேனா? கேட்டிருக்கலாம். பதினேழு வயது. அழுதது நினைவில்லை. நாற்றம் நினைவிருக்கிறது.

இந்தக் குறிப்பேட்டின் முதல் வரியில் என்ன எழுதினேன் என்பதும் நினைவிருக்கிறது. திருப்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 28

வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. அண்ணி மட்டும் அடுப்படியில் தட்டை வைக்கும்போது, மெல்ல: "நான் கல்யாணமாகி வந்த வருசமே மாமாகிட்டச் சொன்னேன். அந்தக் குழாய் சின்னதுன்னு. எங்கப்பா கொத்தனாரு. பாத்தாவே தெரியும்."

"அப்பா என்ன சொன்னார்?"

"கொழம்புல உப்பு கம்மின்னாரு."

அக்டோபர் 31

அப்பா பேசிவிட்டார். காலையில், காபியோடு, ஒன்றுமே நடக்காதது போல.

துணைத் தலைவர் பதவிக்கு இரண்டு கோஷ்டி மோதிக்கொள்கிறதாம். யாருக்கும் ஆகாத ஒரு சுயேச்சையைப் போடலாம் என்று பேச்சு அடிபடுகிறதாம். படித்த பெண். நல்ல பெயர் உள்ள பெண். மக்களுக்காகச் சொந்த வீட்டையே இடிக்கிற பெண்.

"நாமளே உடைச்சுருவோம் கண்ணு. நோட்டீசு வர்றதுக்குள்ள. அப்பத்தான் அது தியாகம். வந்ததுக்கப்புறம் உடைச்சா அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பு."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு தபால் கவரின் தூரம்தான். ஆய்வேட்டில் இப்படி ஒரு வரி எனக்குக் கிடைக்கவில்லை.

சரி என்றேன்.

நவம்பர் 2

கடப்பாரைக்கு முன்னால் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. பதினாறடி. நான் கைகூப்பி நிற்கிறேன். எனக்குப் பின்னால் நீலக் கடல், ஏனென்று தெரியவில்லை. மூலையில் அப்பா, என்னைவிடச் சற்றே பெரியதாக. 'தன் வீட்டை இடித்துத் தண்ணீருக்கு வழிவிட்ட தலைமகளே!' அறை இன்னும் இடிக்கப்படவில்லை. பார்க்கிறவர்கள் வீட்டையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ரமீஜாக்கா வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்குதுங்க. கம்பம் நட எங்க ஊட்டு முன்னால குழி தோண்டாம இருந்தாச் சரி."

"இதுக்காக உடைக்கல அக்கா."

"எதுக்காக உடைச்சா என்னங்க? தண்ணி அதெல்லாம் கேக்குமா?" நாளைக்கா, நாளன்னைக்கா என்று கேட்டார். நாளைக்கு என்றேன். மகளுக்கு அங்கேயே நின்று போன் செய்தார். "அஞ்சாந் தேதி வந்துரு தங்கம். ஆமா. ஒடைக்கறாங்களாம். ஒடைச்சதுக்கப்புறம் இன்னொருக்காப் போன் பண்றேன், அதுக்கப்புறம் பையக் கட்டு."

நம்பிக்கையின் சரியான அளவு.

நவம்பர் 3

நேற்று மாலையே அறையைக் காலி செய்துவிட்டேன். புத்தகங்கள் பதினொரு பெட்டி. கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் மேசை. இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன். அப்பா செய்தி பார்க்கிறார். சத்தம் அதிகம். இஸ்திரிப் பெட்டியை அண்ணி திருப்பி வாங்கிக்கொண்டாள். சூடாகிறதாம். ஆச்சரியம்தான், இருபது நாள் என்னோடு அலைந்தும்.

காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். திறந்தேன். கடப்பாரையோடு நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் குப்புராஜ், அவருக்குப் பின்னால் போட்டோ எடுக்க ஒருவர். வானம் மூட்டமாக இருந்தது. எந்த இடத்தில் முதலில் போடுவது என்று மேஸ்திரி கேட்டார். என் கட்டில் கிடந்த இடத்தைக் காட்டினேன். முதல் கான்கிரீட் துண்டு பெயர்ந்ததும் அந்த நாற்றம் வந்தது. பதினேழு வயது நாற்றம். அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றார், பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

ஆறு பேருக்கு டீ போடப் போனேன்.